காற்றை நம்பி வெயிலில் இறங்கிய நாள்

கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அத்தான் கேட்டார்: "தம்பி, இஞ்ச பாலைவனம் மாதிரி ஒரு இடமும் இல்லையோ?" டுபாயில் விமானம் மாறியபோது கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த மணலை மருமகன் பார்த்துவிட்டானாம். அன்று தொடக்கம் ஒரே பிடிவாதம்.

நான் கிளிநொச்சியில் பிறந்தவன். செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவன், இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாளுக்குக் கீழே சித்திரை வெயிலைக் கழித்தவன். வெயிலைப் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று ஒரு திமிர். "மன்னாருக்குப் போவம்" என்றேன். அந்தத் திமிர் அன்று மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு அரிப்பு என்ற கடற்கரை ஊரில் இறங்கியது.

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கிற பெருநிலத்தை வன்னி என்போம். மன்னார் வன்னியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் கணக்கில் வன்னி மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சியைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தோடு சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கின்படி நான்தான் வன்னிக்கு வெளியே இருக்கிறேன், மன்னார்க்காரர் உள்ளே. அது கிடக்கட்டும். பாலைவனம் என்று மன்னாரைச் சொல்ல முடியாது. மழை பெய்கிற ஊர்தான். ஆனால் பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டுப் பக்கம் இறக்கிவிட்டு, இங்கே வரும்போது வெறுங்காற்றாக வரும். அதுதான் சோளகம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும். இலங்கையில் மிக வறண்ட இரண்டு மூலைகளில் இது ஒன்று, மற்றது அம்பாந்தோட்டைப் பக்கம். நாங்கள் போனது ஆனி மாதக் கடைசியில். மணல், முள்ளுப்பற்றை, உப்பளம், பனை, காற்று. மருமகன் கேட்டது எல்லாம் இருந்தது, ஒட்டகத்தைத் தவிர.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுவதாகத்தான் பேச்சு. அத்தானுக்குக் குளிப்பு, அக்காவுக்குப் புட்டும் சம்பலும் கட்டுகிற வேலை, மருமகளுக்கு நித்திரை. வான் படலையைத் தாண்டும்போது ஏழரை. அன்றைய பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை அதுதான். பரந்தனால் திரும்பி, பூநகரி போய், ஏ32 இல் தெற்கே இறங்கினால் மன்னார் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டிருந்தால் ஏழரைக்கு அங்கே நின்றிருக்கலாம். நாங்கள் ஏழரைக்கு வீட்டில் நின்றோம்.

வெள்ளாங்குளம் தாண்டியதும் நேர்வீதி. மருமகள் முன் சீற்றுக்கு எட்டிப் பார்த்து, "மாமா, றோட்டில தண்ணி நிக்குது" என்றாள். கானல்நீர். தார் சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகி, அதற்குள் வருகிற வெளிச்சம் வளைந்து வானத்தைக் கீழே காட்டுகிறது என்று விளங்கப்படுத்தினேன். காலை ஒன்பதுக்கே கானல் தெரிகிறது என்றால் மத்தியானம் எப்படி இருக்கும் என்று அந்த வாயாலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

தண்ணீர்க் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆறு பேருக்குப் பன்னிரண்டு போத்தல், ஒவ்வொன்றும் ஒன்றரை லீற்றர். கணக்குக் காணும். ஆனால் மன்னாரில் வந்து பார்த்தால் அம்மாவின் போத்தலும் அக்காவின் போத்தலும் மூடி திறக்காமல் கிடந்தன. கேட்டால் "விடாய்க்கேல்ல" என்றார்கள். உண்மை அதுவல்ல. வழியில் எங்கே கழிப்பறை என்று தெரியாது, ஆம்பிளையளைப் போல வானை நிற்பாட்டிப் பற்றைக்குள் போக முடியாது, ஆகவே குடிக்காமல் வருகிறார்கள். எங்கள் பெண்கள் எத்தனையோ காலமாக இப்படித்தான் பயணம் போகிறார்கள். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆண்கள் கேட்பதும் இல்லை. இப்போது பயணம் போகுமுன் நான் முதலில் பார்ப்பது பார்க்கப்போகும் இடங்களை அல்ல. எந்தப் பெற்றோல் செட்டில் கழிப்பறை சுத்தம், எந்தக் கோயிலில் வசதி உண்டு, பஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்பதைத்தான். அதை ஏறும்போதே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். "இன்னும் இருபது நிமிசத்தில ஒரு இடம் வரும், குடியுங்கோ." அதற்குப் பிறகு போத்தல் காலியாகிறது.

பற்றைக்குள் போவதைப் பற்றி இன்னொன்று. இது ஆண்களுக்கும்தான். போர் 2009 இல் முடிந்தாலும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றால் நிழலுக்காகக்கூட அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதை வானுக்குள் வைத்தே சொல்லிவிட வேண்டும்.

திருக்கேதீச்சரத்துக்கு வந்தபோது பத்தரை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கீசர் இடித்தது, பிறகு எழுந்தது. கருங்கல்லால் கட்டிய இப்போதைய கோயிலுக்கு 2022 இல் கும்பாபிஷேகம் நடந்தது. பார்க்க வடிவு. ஆனால் வெயில் ஏறிய பிறகு அந்த வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நடப்பது வேறு விஷயம். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு ஒரே சீராக நடந்தார், மருமகன் தீ மிதிப்பவன் மாதிரித் துள்ளினான். சேட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனதால் அவனுடைய தோளும் சிவந்துவிட்டது. ஒரு சால்வை கொண்டுபோயிருந்தால் வீதி சுற்றும்போது தோளில் போட்டிருக்கலாம். பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்த பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. இந்தக் கோயிலுக்கு என்றால் காலை எட்டுக்குள் போங்கள், இல்லையென்றால் மாலைப் பூசைக்குப் போங்கள்.

மன்னார்க் கோட்டையை ஓடிப் பார்த்தோம். 1560 இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. மதிலில் ஏறினால் கடலும் பாலமும் தெரியும், ஏறிய இடத்தில் ஒதுங்க ஓர் இலை இல்லை. அடுத்தது பள்ளிமுனைப் பெருக்கமரம். எனக்கு மன்னாரில் மிகப் பிடித்த இடம் அதுதான். சுற்றளவு ஏறத்தாழ பத்தொன்பதரை மீற்றர், உயரமோ ஏழரை மீற்றர்தான். மரம் என்பதைவிட, யானை ஒன்று முழங்காலிட்டுப் படுத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆபிரிக்காவின் வறண்ட நிலத்து மரம். அரபு வணிகர் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அடிமரத்துக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியைக் கடத்துகிற மரம் இது. அதன் பட்டையில் கையை வைத்தேன், மத்தியான வெயிலிலும் உள்ளங்கைக்கு அவ்வளவாகச் சுடவில்லை. அதற்குள் தண்ணீர் இருந்தது. எனக்குள் இருந்தது காலையில் குடித்த ஒரு தேத்தண்ணியும் மன்னார் பஸ் நிலையத்தடியில் குடித்த ஒரு சோடாவும்.

இந்த இடத்தில்தான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் வெயில் என்றால் புழுக்கம், வியர்வை ஒழுகும். உடம்பு "தண்ணி தா" என்று கேட்கும், நாமும் கொடுப்போம். மன்னாரில் சோளகம் வியர்வையை நிற்கவிடாது. சுரந்தவுடனேயே துடைத்துக்கொண்டு போய்விடும். சட்டை காய்ந்திருக்கும், உடம்பு குளிர்ந்தது போலிருக்கும். "நல்ல காத்து, வெயிலே தெரியேல்ல" என்று நானே இரண்டு தரம் சொன்னேன். அத்தான்தான் காட்டினார்: "தம்பி, உன்ர சேட்டைப் பார்." கறுத்த சேட்டில், கக்கத்திலிருந்து இடுப்பு வரை, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். நகத்தால் சுரண்டினேன், தூளாக வந்தது. உப்பு. மன்னார் உப்பளத்தில் வெயிலும் காற்றுமாகச் சேர்ந்து பாத்தியில் செய்கிற அதே வேலையை என் முதுகில் செய்துகொண்டிருந்தன. நான் சிரித்தேன். சிரிக்கிற நேரமல்ல அது.

அங்கிருந்து திரும்பி, வங்காலை தாண்டி, அருவியாற்றுப் பாலத்தால் அரிப்புக்குப் போனோம். ஆறு அனேகமாக மணலாய்க் கிடந்தது. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1679 இல் இந்த ஆற்றின் வழியே வந்துதான் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மருமகளுக்கு அதில் ஒரு கேள்விதான்: "அவருக்குக் குடிக்கத் தண்ணி இருந்ததா?"

அரிப்பில் நாங்கள் பார்க்க வந்தது அல்லிராணிக் கோட்டை. ஊர் அப்படித்தான் சொல்லும், அல்லிராணியின் கதையும் சொல்லும். கட்டியது பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முத்துக்குளிப்பை இருந்து பார்ப்பதற்காக, கிரேக்கத் தூண்களை வைத்துக் கட்டிய மாளிகை. இன்று கூரையில்லாத செங்கற் சுவர்கள் சில, செம்மண் கரையின் விளிம்பில் நிற்கின்றன. கடல் கீழேயிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் அந்தச் சிவப்பு, மறு பக்கம் கண்ணைக் கூசவைக்கும் நீலம். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் வன்னியில் இல்லை. ஆனால் பகல் பன்னிரண்டரைக்கு அல்ல. சுவரடியில் இருந்த கொஞ்ச நிழலை ஆடுகள் பிடித்துவிட்டன. எழுந்திருக்கும் எண்ணம் அவற்றுக்கு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் வெளியில் நிற்கவில்லை. அப்பாவும் அப்படித்தான். விடிய நாலரைக்கு வயலுக்குப் போவார், பத்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், பிறகு மூன்றரைக்குப் பின்தான் மண்வெட்டியைத் தொடுவார். வெயில் தெரிந்தவன் என்று பெருமை பேசிய எனக்கு, வெயில் தெரிந்த மனிதர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது மறந்துபோனது.

முதலில் பின்கால் சதை இழுத்தது. கல் தடுக்கியதாக்கும் என்று நினைத்தேன். அடுத்து தலைக்குப் பின்னால் ஒரு இடி. பிறகு வயிற்றைப் பிரட்டியது. மருமகனைப் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினால் திரை கறுத்துக்கிடந்தது. சூடேறிவிட்டது, ஆறும்வரை வேலை செய்யாது என்று அறிவிப்பு. சரி, என்று கையை இறக்கியதுதான் தெரியும், நிலம் சாய்ந்தது. தொப்பியும் போத்தலுமாக வந்த கனடாப் பிள்ளைகள் இரண்டும் நிமிர்ந்து நின்றன, உள்ளூர்க்காரன் விழுந்தான்.

அத்தானும் வான் ஓட்டி வந்த அண்ணையுமாகத் தூக்கிக்கொண்டு போனது பக்கத்தில் ஒரு வீட்டு வேப்பமரத்தடிக்கு. வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி இடம் விட்டார்கள். அந்த வீட்டு அம்மா வந்து ஒரு பார்வை பார்த்தார். பாயைப் போட்டுப் படுக்க வைத்து, காலுக்குக் கீழே வலைப் பொட்டலத்தை வைத்து உயர்த்தினார். சேட்டைக் கழற்றி, ஈரத் துவாயைக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்து, பனையோலை விசிறியால் விசிறச் சொன்னார். அக்காவின் பையில் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள், பைக்கற் இருந்தது. அவசரத்தில் அவர் அதை அரை லீற்றர் போத்தலுக்குள் கொட்டப் போக, அந்த அம்மா கையைப் பிடித்தார். "பிள்ளை, ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர். கூடினா உப்புத்தான் கூடும்." வாயால் அள்ளிக் குடிக்கவிடவில்லை. ஒவ்வொரு மிடறாக, நிறுத்தி நிறுத்தி. அரை மணித்தியாலத்தில் நிலம் நேரானது. அதற்குப் பிறகு ஒரு செம்பு கஞ்சித்தண்ணி உப்புப் போட்டு வந்தது.

"வெயிலுக்க வந்து வெயிலைப் பாக்கிறதே, ராசா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்கு வந்தது சின்னது. வியர்த்துக்கொண்டிருந்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். பேச்சுக் குழறினால், ஆள் மயங்கினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வேறு கதை. அப்போது வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. 1990 க்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நண்பர் பிறகு சொன்னார், கூடவே திட்டும் கிடைத்தது. சோடாவைப் பற்றியும் சொன்னார். சீனி வரும், வியர்வையில் போன உப்பு வராது. தேசிக்காய்த் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பு, மோர், கஞ்சி, எங்கள் வீட்டில் இருப்பதே போதும். விடாய்க்கும்வரை காத்திருக்காமல், வீதிக் கம்பத்தில் கிலோமீற்றர் பார்ப்பது போல மணிக்கூட்டைப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

மூன்றரை வரை அந்த மரத்தடியை விட்டு ஒருவரும் எழும்பவில்லை. கட்டி வந்த புட்டை அந்த வீட்டு முற்றத்தில் வைத்து, அவர்கள் தந்த மீன்குழம்போடு சாப்பிட்டோம். மருமகன் வலை பொத்தப் பழகினான். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டரை மணித்தியாலம்தான் அவன் கனடாவுக்குக் கொண்டுபோன மன்னார். வானுக்குள் கிடந்த போத்தல்களைத் தொட்டுப் பார்த்தேன், தேயிலை போட்டால் சாயம் இறங்கும் போல இருந்தது. வலை பொத்திய ஐயா ஒருவர் பழைய சாக்கை நனைத்துப் போத்தல்களைச் சுற்றி, காற்றடிக்கிற கொப்பில் கட்டித் தொங்கவிட்டார். முக்கால் மணித்தியாலத்தில் தண்ணீர் குடிக்கும் பதத்துக்கு வந்தது. என்னை விழுத்திய அதே காற்றுத்தான்.

நாலுக்குப் பிறகு தலைமன்னார். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. முப்பது என்றேன், மருமகள் எண்ணி இருபத்தாறில் சண்டைக்கு வந்தாள். தலைமன்னார் இறங்குதுறையில் நின்றால் வரலாறு கொஞ்சம் துக்கமாக வரும். 1914 இலிருந்து இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், இரண்டு பக்கமும் ரயில். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் போரோடு நின்றது. ரயில் மட்டும் 2015 இல் திரும்பி வந்தது. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா இந்த வழியால்தான் சிதம்பரம் போனாராம். அக்கரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இராமர் பாலத்து மணல் திட்டுகளுக்குப் படகில் போவது நினைத்தவுடன் நடக்காது. 2015 இலிருந்து அது கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி வேண்டும். கரையிலிருந்து பார்க்கவே போதுமான மணல் இருந்தது. சோளகம் அந்த மணலை முழங்காலுக்குக் கீழே ஊசி மாதிரி அடித்தது. அரைக்காற்சட்டை போட்ட மருமகன் பின்பக்கமாக நடந்தான். தெற்குக் கடல் குமுறிக்கொண்டிருக்க, வடக்குப் பக்கம் குளம் மாதிரி. இரண்டுக்கும் இடையில் வெயில் மஞ்சளாகி, மணலில் பனைகளின் நிழல் நீண்டு விழுந்தது. இந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் முழு நாளையும் திட்டமிட்டிருக்க வேண்டும்.

பிழை அங்கேயும் விட்டோம். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் அண்ணை" என்று நான்தான் சொன்னேன். வான் மணலில் இறங்கியது. அண்ணை பெற்றோலை அமத்த அமத்த, சில்லு தனக்குத் தானே குழி தோண்டியது. அக்சில் வரை போன பிறகு மிதிப்பதை விட்டார். கரைவலைக்காரர் இரண்டு பேர் வந்து, முதலில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். ஒருவர் ஈர்க்கால் நான்கு ரயரிலும் காற்றை இறக்கினார். ரயர் தட்டையாகி மணலில் அகலமாகப் படிந்தது. மற்றவர் சில்லுக்கு முன்னால் மணலைக் கையால் வழித்து, காய்ந்த பனம் மட்டைகளை அடுக்கினார். "மெல்ல, மெல்ல, நிற்பாட்டாமல்" என்று சொல்லிச் சொல்லி வான் வெளியே வந்தது. காற்றில்லாத ரயரோடு கல்வீதியில் வேகமாகப் போகக் கூடாது, ஊர்ந்து போய் பெற்றோல் செட்டில் அடித்துக்கொண்டோம். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "அடுத்த முறை வானைத் தாரில விட்டிட்டு நடவுங்கோ" என்றார்கள்.

திரும்பும் வழியில் இலுப்பைக்கடவைக்கு இந்தப்பக்கம் ஒரு பிள்ளை லாம்பு வெளிச்சத்தில் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். சுண்டு கணக்கு. மருமகனிடம் ஒரு கைப்பிடி கொடுத்து, "கேட்டாயே, இதுதான் எங்கட பாலை" என்றேன். மஞ்சள் முத்து மாதிரிப் பழம், தேனாய் இனிக்கும், ஆனால் பால் உதட்டில் ஒட்டும். அவன் நிறுத்தவில்லை. பூநகரி வரும்போது ஏசியை நிற்பாட்டிக் கண்ணாடியை இறக்கினோம். களப்புப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. மருமகன் வாயைத் திறக்க ஏலாமல் "ம்ம், ம்ம்" என்று உதட்டைக் காட்டினான்.

"பொறு ராசா, வீட்டை போய்த் தேங்காயெண்ணெய் பூசுவம்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, தன் போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார்.